மதுரை – சென்னை விமானப் பயணம்: டிக்கெட்டில் ஒன்றேகால் மணி நேரம், வீட்டிலிருந்து எவ்வளவு?

சென்னைக்கு விமானத்தில் எவ்வளவு நேரம் என்று கேட்டால், மதுரையில் எல்லோரும் சொல்வது ஒன்றேகால் மணி நேரம். சுங்குடிச் சேலை வியாபாரத்துக்காகப் பல ஆண்டுகளாக தி.நகருக்குப் போய்வருகிறேன். என் கணக்கு சிம்மக்கல் வீட்டு வாசலில் தொடங்கி, கடை வாசலில்தான் முடிகிறது.

தூரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வானில் நேர்க்கோட்டில் சுமார் 420 கி.மீ., சாலையில் சுமார் 460, ரயில் பாதையில் 495-ஐ ஒட்டி வரும். டிக்கெட்டில் உள்ள நேரம், விமானம் இங்கே நகரத் தொடங்கியதிலிருந்து சென்னையில் போய் நிற்கும் வரைக்குமானது. ஜெட் விமானம் வானில் இருப்பது ஒரு மணி நேரம்கூட இல்லை. ஏடிஆர் என்கிற சிறிய, விசிறி வைத்த விமானம் மணிக்கு 500 கி.மீ. வேகத்தில்தான் பறக்கும் என்பதால் இன்னும் பத்துப் பதினைந்து நிமிடம் பிடிக்கும்.

இருந்தாலும் எனக்குப் பிடித்தது ஏடிஆர்தான். பின்பக்கக் கதவு வழியாக நாலைந்து படி ஏறினால் உள்ளே போய்விடலாம். மூட்டு வலி உள்ளவர்களுக்கு இது பெரிய உதவி. இறக்கை மேலே இருப்பதால் அது தரையை மறைப்பதில்லை. கிழக்கே கிளம்பி வடக்கே திரும்பும் நாட்களில் இடப்பக்கம் உட்கார்ந்தால், ஒத்தக்கடையை ஒட்டிப் படுத்திருக்கும் யானைமலை முழு நீளத்துக்கும் தெரியும். தலைக்கு மேல் பை வைக்கும் இடம் மட்டும் சிறியது. சேலைக் கட்டு கொண்டுபோகிறவர்கள் கவுண்டரிலேயே போட்டுவிடுவது நல்லது.

இனி வாசல் கணக்கு. பெருங்குடி விமான நிலையத்துக்கு ஆட்டோவில் முக்கால் மணி நேரம். கவுண்டரை ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். அதனால் ஒன்றேகால் மணி நேரம் முன்னதாகப் போய்விடுவேன். டிக்கெட்டில் உள்ள பயண நேரம் ஒன்றேகால். பெட்டி வர அரை மணி. அங்கிருந்து மெட்ரோவில் சைதாப்பேட்டை வந்து, ஆட்டோ பிடித்துக் கடை சேர முக்கால் மணி. ஆக நாலரை மணி நேரம்.

ரயிலில் எப்படி? 1977 ஆகஸ்ட் 15-ல் தொடங்கிய வைகை எக்ஸ்பிரஸ் இன்றும் ஏழு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. 2023 செப்டம்பரில் வந்த திருநெல்வேலி வந்தே பாரத் ஏறக்குறைய ஆறு மணி நேரத்தில் எழும்பூரை எட்டுகிறது. தாம்பரத்திலேயே இறங்கி மின்சார ரயிலில் மாம்பலம் போனால் இன்னும் வசதி. மதுரை ஜங்ஷன் ஊர் நடுவிலேயே இருப்பதால் அதிகாலை அலைச்சலும் இல்லை. ஆக, விமானம் மிச்சப்படுத்துவது இரண்டு மணி நேரம்தான். அதற்குக் கடைசி நேரத்தில் பல மடங்கு விலை கேட்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. மூன்று வாரம் முன்பே பதிவு செய்தால் மட்டுமே கட்டுப்படியாகிறது.

காலையில் போய் இரவே திரும்ப வேண்டுமென்றால் விமானம்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கிண்டி, பல்லாவரம், தாம்பரம் பக்கம் வேலை உள்ளவர்களுக்கும் அதுவே சரி. வடசென்னைக்குப் போகிறவர்கள் ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸ் ரயிலில் ஏறித் தூங்கிவிடலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னை வானில் வட்டமடித்தே அரை மணி நேரம் போய்விடுவதுண்டு. அந்த மாதங்களில் குறித்த நேரத்தில் ஆளைப் பார்த்தாக வேண்டியிருந்தால், முதல் நாளே ரயிலில் கிளம்பிவிடுகிறேன்.