ஒரே ஏழு எழுத்து, இரண்டு உச்சரிப்பு: டிரஃபிளின் ரஷ்யப் பெயரும் உக்ரைனியப் பெயரும்

மண்ணுக்கடியில் விளையும் விலையுயர்ந்த காளான் டிரஃபிள். அதற்கு ரஷ்ய மொழியிலும் உக்ரைனிய மொழியிலும் உள்ள சொல்லை அடுத்தடுத்து எழுதிப் பார்த்தால் ஓர் எழுத்துகூட மாறாது. இரண்டிலும் ஆண்பால். இரண்டிலும் காளானுக்கும் அதே பெயர், கோகோ தூளில் புரட்டிய சாக்லேட் உருண்டைக்கும் அதே பெயர்.

வாயைத் திறந்தால்தான் குட்டு வெளிப்படுகிறது. ரஷ்யர் சொல்வது ஏறத்தாழ 'த்ரியூஃபில்'. அழுத்தம் முதல் அசையில் விழுவதால் அடுத்த எகரம் இகரமாகத் தேய்கிறது. முன்னால் நிற்கும் ஃப் ஒலியையும் யகரச் சாயல் ஏற்றிக் குழைத்துவிடுகிறது. உக்ரைனியர் வாயில் அந்த ஃப் குழையாது, எகரமும் பெரும்பாலும் தப்பிக்கும்: 'த்ரியூஃபெல்'. எழுதியபடி வாசித்துப் பழகிய நமக்கு உக்ரைனிய உச்சரிப்பே எளிது என்பேன்.

மிட்டாய்ப் பெட்டியில் ஒருமையில் அச்சிட்டிருந்தால் எந்த மொழி என்று சொல்லவே முடியாது. பன்மை என்றால் கடைசி எழுத்தைப் பாருங்கள். ஆங்கில 'என்' எழுத்தைத் திருப்பிப் போட்டதுபோல் இருந்தால் ரஷ்யம். தலையில் புள்ளி வைத்த ஒற்றைக் கோடு என்றால் உக்ரைனியம். 'ஐந்து டிரஃபிள்' என்று எண்ணும்போது விகுதியே வேறு: ரஷ்யத்தில் 'எய்', உக்ரைனியத்தில் 'இவ்'.

எனக்குச் சுவையாகப் பட்டது உருளைக்கிழங்கின் கதை. அதுவும் டிரஃபிளுக்கு உறவு: இத்தாலியர் 'குட்டி டிரஃபிள்' என்ற பொருளில் வைத்த பெயர்தான் ஜெர்மனில் 'கர்டோஃபல்' ஆனது. ரஷ்யர் அதை 'கர்தோஃபில்' என்று ஃப் மாறாமல் வைத்துக்கொண்டார்கள். உக்ரைனியரோ போலந்து வழியாக வாங்கி, ஃப்பைப் பகரமாக்கி 'கர்தோப்ல்யா' என்று பெண்பாலாகவும் மாற்றிவிட்டார்கள். பீன்ஸுக்கும் அதே கதி: ரஷ்யத்தில் 'ஃபசோல்', உக்ரைனியத்தில் 'க்வசோல்யா'. இரு மொழிகளுக்கும் தாயான பழைய ஸ்லாவிய மொழிக்கு ஃப் சொந்த ஒலி இல்லை. 'காபி' என்று எழுதும் நமக்கு அந்தச் சங்கடம் புரியும்.

ஆனால் டிரஃபிளின் ஃப்பை மட்டும் உக்ரைனியர் தொடவில்லை. கிழங்கும் பீன்ஸும் தினமும் அடுப்பேறி, எல்லார் வாயிலும் புரண்டு உருமாறியவை. டிரஃபிள் விருந்து மேசையை விட்டு இறங்காததால் தப்பியது என்பது என் ஊகம்.