பிரஷர் பார்க்க கிளினிக்கா, வீடா?

அம்மாவுக்குச் சீனி வருத்தத்தோடு பிரஷரும் இருக்கிறது. இரண்டு இடத்திலும் அளந்து பார்த்துவிட்டோம். ஹட்டனுக்கு பஸ் ஏறி, வரிசையில் நின்ற களைப்போடு கிளினிக்கில் அளந்தால் 150/90 காட்டும். லயத்து வீட்டில், காலை பிளேன்டீ குடிக்க முன், 5 நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்துக்கு மேசைமேல் வைத்து அளந்தால் 132/80.

கிளினிக்கில் 140/90 என்பது எல்லை. வீட்டிலோ 135/85 வந்தாலே கூடுதல்தான். சீனி உள்ளவர்களுக்கு 130/80க்குக் கீழே வைத்திருப்பதே பொதுவான இலக்கு. காலையும் மாலையும் இரண்டிரண்டு தடவை, ஒரு வாரம் எழுதிய கொப்பியைத்தான் நான் அதிகம் நம்புகிறேன்.

ஆனால் சிறுநீரில் புரதம், கண், கால் எல்லாம் பார்க்க கிளினிக்தான் வேண்டும். அப்புறம், சீனியால் நரம்பு பாதிக்கப்பட்டால் எழுந்ததும் பிரஷர் இறங்கலாம். நிற்கவைத்தும் அளக்கச் சொல்லுங்கள். கொப்பியை டொக்டரிடம் காட்டாமல் மாத்திரையைக் குறைக்காதீர்கள்.