ஏஜென்சி ஆளா, ஊர் ஆளா, சொந்த ஆளா? பிள்ளை பார்க்க ஒருவரைத் தேடிய கதை

பேறுகால விடுப்பு 26 வாரம். கையில் இருந்த மற்ற லீவையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தேன். சின்னவளுக்குப் பத்து மாதம் ஆகும்போது நாகர்கோவிலில் வங்கி வேலைக்குத் திரும்பியே தீர வேண்டும் என்று ஆனது. பெரியவனுக்கு நாலு வயது. எங்கள் வீடு இரணியல் பக்கம். கணவர் காலை ரயிலில் திருவனந்தபுரம் போனால் வீடு வந்து சேர இரவு எட்டாகும். எனக்கும் கணக்கு முடிக்கிற மார்ச் மாதத்தில் திரும்பும் நேரத்தைச் சொல்ல முடியாது. நாங்கள் போய்ப் பார்த்த டே கேர்கள் ஆறு மணிக்கெல்லாம் கதவைச் சாத்துகின்றன, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் சேர்த்துக்கொள்வதும் இல்லை. ஆகவே வீட்டோடு தங்கிப் பார்க்கிற ஆள்தான் என்று முடிவானது.

வழி மூன்று இருந்தது. ஹோம் நர்ஸ் அனுப்புகிற ஏஜென்சி ஒன்று குலசேகரம் பக்கத்து அக்கா ஒருவரை அனுப்பியது. வயது 38, வீட்டுக்காரருக்கு ரப்பர் பால்வெட்டு, ஏழு வருடமாகத் திருவனந்தபுரத்து வீடுகளில் பிள்ளை பார்த்த அனுபவம். இரண்டாமவர் கருங்கல் பக்கம். வங்கியில் உடன் வேலை பார்க்கும் தோழியின் அன்பியத்தை (பங்குக் கோவிலின் சிறு குடும்பக் குழு) சேர்ந்தவர், வயது 51, இருபது வருடத்துக்கு மேல் அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டை உடைத்தவர். கூலிக்குப் பிள்ளை பார்த்ததே இல்லை. தங்கை இறந்த பிறகு அவள் பிள்ளைகள் மூன்று பேரையும் வளர்த்து ஆளாக்கியிருக்கிறார். மூன்றாவது என் கணவரின் சித்தி. இரண்டு வீடு தள்ளித்தான் இருக்கிறார், வயது 63, மூட்டுவலி உண்டு. “வெளியாளு எதுக்குப் பிள்ளே, நான் இருக்கேன்லா” என்று முதல் நாளே சொன்னவர்.

இருபது கேள்வி எழுதி வைத்திருந்தேன். ஒருவரைப் பார்த்து முடிப்பதற்குள் அந்தத் தாளால் பயனில்லை என்று தெரிந்துவிட்டது. குளிப்பாட்டத் தெரியுமா, கஞ்சி காய்ச்சத் தெரியுமா என்றெல்லாம் கேட்டால் எல்லோரும் தெரியும் என்றுதான் சொல்வார்கள். கடைசியில் எனக்கு மிஞ்சியது இரண்டே கேள்வி. அவர்களிடம் கேட்பதை விட எனக்கு நானே கேட்டுக்கொள்ள வேண்டியவை. பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால் இவர் என்னிடம் மறைக்காமல் சொல்வாரா? ஒன்று சரியில்லை என்றால் நான் இவரிடம் வாய்விட்டுச் சொல்ல முடியுமா?

காய்ச்சலில் ஆரம்பித்தேன். நானும் கணவரும் வீட்டில் இல்லை, பிள்ளைக்குக் காய்கிறது, என்ன செய்வீர்கள்?

ஏஜென்சி அக்கா ஒரு நொடி யோசிக்கவில்லை. “தெர்மாமீட்டர் வெச்சுப் பாப்பேன் மேடம். நூறுக்கு மேல இருந்தா உங்களுக்கு போன். பிள்ளையோட எடைக்கு டாக்டர் எழுதின அளவு மட்டும்தான் சிரப்பு. கூட ஒரு துளி குடுக்க மாட்டேன்.” நர்ஸிங் படித்த என் தங்கையே இதைவிட நன்றாகச் சொல்லியிருக்க மாட்டாள்.

கருங்கல் அக்காவின் பதில் வேறு மாதிரி. “தொட்டுப் பாத்தா தெரியும் மக்களே. மருந்தொண்ணும் எனக்குத் தெரியாது. ஒங்கள விளிப்பேன். நீங்க எடுக்கலேன்னா ஆட்டோவப் புடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவேன்.”

சித்தியை இண்டர்வியூ செய்ய முடியுமா? செய்தேன், அவருக்குத் தெரியாமல். “காய்ச்சலா? நல்லமிளகும் துளசியும் தட்டிப் போட்டா ஓடிரும். இதுக்கெல்லாம் ஒன்ன எதுக்கு வேலைக்கு எடையில எழுப்பணும்?”

இந்தச் சுற்றில் ஏஜென்சி அக்காவுக்குத்தான் முழு மதிப்பெண். அடுத்ததாக ஒன்று கேட்டேன். நீங்கள் பார்த்த பிள்ளைகள் யாருக்காவது, உங்கள் கையில் இருக்கும்போது அடிபட்டிருக்கிறதா?

“இல்லவே இல்ல மேடம்.” ஏழு வருடம், ஐந்து பிள்ளைகள், ஒரு கீறல் கூட இல்லையாம். இரண்டு பெற்ற என் கையில் இருக்கும்போதே பெரியவன் படியில் உருண்டு நெற்றியில் தையல் போட்டிருக்கிறது. அவர் பொய் சொல்கிறார் என்று குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு வீட்டிலிருந்து புகார் போனால் ஏஜென்சி அவரைத்தான் திரும்ப அழைக்கும், அடுத்த வீடு கிடைக்கும் வரை சம்பளம் கிடையாது. ‘ஒன்றும் நடக்கவில்லை மேடம்’ என்று சொல்லத்தான் அந்த ஏற்பாடு அவரைப் பழக்கியிருக்கிறது.

இதே கேள்விக்குக் கருங்கல் அக்கா தன் கையை நீட்டினார். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் நுனியில் கறுத்துத் தோல் தடித்திருந்தன. முந்திரித் தோட்டிலிருந்து வடிகிற எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும். ஆபீஸில் சாம்பலைத் தொட்டுக்கொண்டுதான் உடைப்பார்களாம். “தங்கச்சிக்க எளையவன் ஒரு நாளு எனக்க கூட வந்தான். நான் பாக்காம இருந்த நேரத்துல தோட்ட வாயில வெச்சிட்டான். உதடெல்லாம் பொள்ளிப் போச்சு. தப்பு எனக்கது. இண்ணும் அவன் சிரிச்சா அந்தப் பாடு தெரியும்.” கேட்காத விவரம் வரை தானே சொன்னார்.

பிறகு ஒவ்வொருவரையும் வீட்டைச் சுற்றி அழைத்துப் போனேன். நான் எதையும் காட்டவில்லை, அவர்கள் கண் எங்கே போகிறது என்று மட்டும் பார்த்தேன். இதை யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம், காசு செலவில்லை. ஏஜென்சி அக்கா மருந்து அலமாரியைப் பார்த்தார், தரையோடு இருந்த பிளக் பாயிண்டைக் காட்டி மூடி வாங்கச் சொன்னார், பால் பாட்டிலைக் கொதிக்க வைக்கத் தனிப் பாத்திரம் உண்டா என்று கேட்டார். எல்லாம் சரியான கவனிப்பு. கருங்கல் அக்கா நேரே குளியலறைக்குப் போய், பாதி தண்ணீரோடு நின்ற வாளியைக் கவிழ்த்தார். அப்புறம் கிணற்றடி. எங்கள் கிணற்றுக்குக் கம்பி வலை போட்டிருக்கிறோம், அதனால் எனக்குப் பெருமைதான். அவரோ கைப்பிடிச் சுவரை ஒட்டிக் கிடந்த துவைகல்லைப் பார்த்தார். “இதுல ஏறுனா வலைக்க மேல இருக்கலாம் இல்லியா மூத்தவனுக்கு?” நாலு வருடமாக அந்தக் கல் அங்கேதான் கிடக்கிறது.

இது நம் குமரி மாவட்டத்துக்கே உரிய பயம். வீட்டுக்கு ஒரு கிணறு, தெருமுனையில் குளம், அதைத் தாண்டினால் சானல் என்கிற பாசனக் கால்வாய். தவழ்கிற பிள்ளைக்குச் சானல் கூட வேண்டாம், வாளியில் நாலு விரல் தண்ணீர் போதும். தலை கனம் அதிகம் என்பதால் குப்புற விழுந்தால் நிமிரத் தெரியாது. சத்தமும் வராது. வெளிமாவட்டத்திலிருந்தோ வட மாநிலத்திலிருந்தோ ஆள் எடுப்பவர்கள் முதல் நாளே இதைக் காட்டிச் சொல்லிவிட வேண்டும்.

சித்தி ஜெயித்த இடம் சாப்பாட்டு மேசை. அன்று சாளைக் குழம்பு. சாளையில் முள் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும், முடி மாதிரி. சித்தி பெரியவனைப் பக்கத்தில் இருத்தி, மீனை நடுவில் பிளந்து, தண்டு முள்ளை ஒரே இழுப்பில் எடுத்தார். மிச்சச் சதையைப் பெருவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் வைத்து நசுக்கி நசுக்கிப் பார்த்தார். ஒரு முள் தட்டுப்பட்டது, தட்டின் ஓரத்தில் ஒட்டினார். மறுபடி நசுக்கினார். பிறகுதான் சோற்றோடு உருட்டினார். இத்தனையும் வாய் ஓயாமல் பக்கத்து வீட்டுக் கல்யாணக் கதையைச் சொல்லிக்கொண்டே. அந்த விரலுக்குச் சம்பளம் போட்டு ஆள் எடுக்க முடியாது.

ஏஜென்சி அக்காவை எங்களோடு சாப்பிட அழைத்தபோது நின்றுகொண்டே இருந்தார். முன்பு இருந்த வீடுகளில் அடுக்களையில் தனியாகத்தான் சாப்பாடாம். கேட்டு எனக்குத்தான் தொண்டையில் சோறு இறங்கவில்லை.

சரி, சித்தியையே வைத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று என் அம்மாவும் கேட்டார். இரண்டாவது கேள்வி அங்கேதான் இடிக்கிறது. ஒரு வயது ஆகாத பிள்ளைக்குத் தேன் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமி குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சைச் சுரக்கக்கூடும். இதைச் சித்தியிடம் மூன்று முறை சொன்னேன். “ஒனக்க மாப்பிளைக்கு நான்தான் தேன் தொட்டு வெச்சேன், செத்தா போனான்?” என்றார். மேலே என்ன பேச? சம்பளம் கொடுக்கலாம் என்று பேச்செடுத்தால் கண் கலங்குகிறது, கொடுக்காவிட்டால் 63 வயது அம்மாவைச் சும்மா வேலை வாங்குகிறோம். டிவியை நிறுத்தச் சொல்ல முடியாது, சொன்னால் அது அத்தை காதுக்குப் போய்க் குடும்பப் பிரச்சினையாகிவிடும். சித்தியிடம் எதையும் கேட்கலாம், எதையும் சொல்ல முடியாது. ஏஜென்சி அக்கா நேர் எதிர். எதைச் சொன்னாலும் கேட்டுக்கொள்வார், அவர் பக்கத்திலிருந்துதான் ஒரு சொல் வராது.

ஏஜென்சியில் எனக்கு இன்னொரு உறுத்தலும் இருந்தது. மாதம் 18,000 கேட்டார்கள், கமிஷன் ஒரு மாதச் சம்பளம். “பிடிக்கலேன்னா ஆறு மாசத்துக்குள்ள ரெண்டு தடவ ஆள் மாத்தித் தருவோம்” என்று பெருமையாகச் சொன்னார்கள். மிக்ஸி வாங்குவதென்றால் அது நல்ல வசதி. எட்டு, பத்து மாதத்தில்தான் பிள்ளைக்கு வேற்று முகம் தெரிய ஆரம்பிக்கிறது, புதியவர் தூக்கினால் அலறுகிறது. ஒரு முகத்தோடு ஒட்டிக்கொண்ட பிறகு அதைப் பிடுங்கி இன்னொன்றை வைப்பது யாருக்கு வசதி? ஆனால் ஒன்று, டிசம்பர் மூன்றுக்குக் கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழா, மாசியில் மண்டைக்காடு கொடை என்று ஊரே லீவு கேட்கும்போது மாற்று ஆள் அனுப்ப ஏஜென்சியால்தான் முடியும். ஊர் ஆளை எடுத்தால் இந்த நாட்களையெல்லாம் காலண்டரில் முன்னாலேயே குறித்துவிட வேண்டும். வீட்டுக் கதை ஊருக்குப் போகும் என்பதும் உண்மைதான். போகட்டும், எங்கள் வீட்டில் அப்படி என்ன ரகசியம்.

இடையில் ஒரு புரோக்கர் போன் செய்தார். “பதிமூணு வயசுப் பிள்ள ஒண்ணு இருக்கு மேடம், மலைப்பக்கம். பிள்ளையோட பிள்ளையா வெளையாடும், காசும் கம்மி.” 14 வயதுக்குட்பட்ட யாரையும் எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது என்று 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தை 2016-இல் திருத்தியே சொல்லியாகிவிட்டது. சட்டம் இருக்கட்டும், பெரியவனுக்கு ஒன்பது வருடம் கழித்து அதே வயது. போனை வைத்ததும் 1098-க்குக் கூப்பிட்டுச் சொன்னேன்.

கருங்கல் அக்காவைத் தேர்ந்தெடுத்தோம். தெரிந்த ஆள்தானே, பத்தாயிரம் கொடுத்தால் போதும் என்று வீட்டில் பேச்சு வந்தது. ஏஜென்சிக்குக் கொடுக்க இருந்த அதே பதினெட்டாயிரத்தைத்தான் பேசினேன். சனி மாலையிலிருந்து ஞாயிறு இரவு வரை அவர் வீட்டுக்குப் போவார், அந்த நேரம் எங்கள் பொறுப்பு. அவருக்குத் தனி அறை, உள்ளே தாழ்ப்பாள். ஹாலில் கேமரா உண்டு என்று முதல் நாளே காட்டிச் சொல்லிவிட்டேன். அவர் அறையில் கிடையாது. ஆதார் நகல், காவல்துறை சரிபார்ப்பு எல்லாம் செய்தோம். அவை ஒருவர் யார் என்று சொல்லும், எப்படிப்பட்டவர் என்று சொல்லாது. அதற்கு நான் வீட்டில் இருந்த கடைசி ஐந்து நாட்கள் அவரைச் சம்பளத்தோடு வரவழைத்துக் கூடவே இருந்ததுதான் உதவியது. முதல் இரண்டு நாள் சின்னவள் அவரைப் பார்த்தாலே அழுதாள். அவர் வாரித் தூக்கவில்லை. தரையில் உட்கார்ந்து மட்டிப்பழத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். மூன்றாம் நாள் இவளே தவழ்ந்து போனாள். பாட்டிலைக் கொதிக்க வைப்பது, தெர்மாமீட்டர் பார்ப்பது இரண்டையும் ஒரு மதியத்தில் கற்றுக்கொண்டார். தமிழகத்தில் வீட்டு வேலை செய்பவர்களுக்கு 2007-இலிருந்து தனி நலவாரியம் இருக்கிறது, 18 முதல் 60 வயதுவரை சேரலாம். அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. சேர்த்துவிட்டோம்.

மூன்றாவது வாரம், காலை பதினொன்றரை, கவுண்டரில் கூட்டம். போன் அடித்தது. “மக்களே, பிள்ள விழுந்துட்டு. எனக்க மடியில இருந்துதான். நான் கண்ணசந்து போயிட்டேன். நெத்தியில தடிச்சிருக்கு. அழுது இப்ப பால் குடிச்சா. வாந்தி ஒண்ணும் இல்ல.”

எனக்கு வந்த கோபத்தில் கை நடுங்கியது. பெர்மிஷன் போட்டு ஓடினேன், டாக்டரிடம் காட்டினோம், பயப்பட ஒன்றுமில்லை என்றார். வாந்தி, அளவுக்கு மீறிய தூக்கம், வலிப்பு இருந்தால் மட்டும் உடனே வரச் சொன்னார். திரும்பும்போது ஆட்டோவில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சின்னவளுக்குப் பல் முளைக்கிறது, நாலு ராத்திரியாக அவளைத் தோளில் போட்டு நடந்தது அந்த அக்காதான். நாங்கள் தூங்கினோம். பகலில் அவர் தலை சாய்க்க ஒரு மணி நேரம்கூட நாங்கள் ஒதுக்கவில்லை.

இப்போது ராத்திரிக்கு எங்களுக்குள் முறை வைத்திருக்கிறோம். மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை அக்கா கதவைச் சாத்திப் படுக்கிறார். அந்த இரண்டு மணி நேரம் சித்தி வந்து இருக்கிறார், பெரியவனுக்கு முள் எடுத்துச் சோறு ஊட்டுவதும் அவர்தான். தேன் பாட்டிலை மட்டும் அவருக்கு எட்டாத மேல் தட்டில் ஏற்றி வைத்திருக்கிறேன்.