கறவை மாடு வாங்க எந்தக் கடன்: சுய உதவிக் குழுவா, மைக்ரோ பைனான்ஸா?

வீட்டில் மாடு வாங்கலாம் என்று முடிவானதும் எங்களுக்கு இரண்டு வழி இருந்தது: தெருவுக்கே வந்து மீட்டிங் போடும் மைக்ரோ பைனான்ஸ், இல்லாவிட்டால் மகளிர் சுய உதவிக் குழு மூலம் பேங்க் லோன். எடுத்தது குழுக்கடன், அதனால் என் பேச்சும் அந்தப் பக்கம்தான் சாயும்.

வட்டியைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. குழுவுக்கு 3 லட்சம் வரை 7 சதவீதம். மைக்ரோ பைனான்ஸில் பெரும்பாலும் 20-க்கு மேல். வேகத்தில் மைக்ரோ பைனான்ஸை அடிக்க முடியாது. குழுவில் ஆறு மாதமாவது சேமித்து, அந்தச் சேமிப்பிலிருந்தே உறுப்பினர்களுக்குள் கொடுத்து வாங்கும் உள்கடன் சுற்றி, நோட்டெல்லாம் சரியாக இருந்தால்தான் மேனேஜர் பேசவே செய்வார். ஆஸ்பத்திரி அவசரத்துக்கு அது ஆகாது.

ஆனால் மாட்டுக்கு வட்டியைவிடத் தவணைதான் முக்கியம். மாடு வருஷம் முழுக்கக் கறக்காது. சினை ஏழு மாதம் ஆனதும் பாலை வற்ற விட வேண்டும், கன்று போடும்வரை ஏறக்குறைய இரண்டு மாதம் சங்கத்தில் ஊற்ற ஒரு சொட்டு இருக்காது, தீவனச் செலவு மட்டும் அப்படியே நிற்கும். வாரத் தவணை வசூலிக்கும் மைக்ரோ பைனான்ஸ்காரருக்கு இதெல்லாம் கணக்கில்லை. கூடக் கடன் வாங்கியவர்கள் ஒருவருக்கொருவர் பொறுப்பு என்பதால், நீங்கள் கட்டாவிட்டால் பக்கத்து வீட்டு அக்கா போட வேண்டும், ஒரு தடவை போடுவார், அப்புறம் வேறொரு கம்பெனியில் எடுத்து இதை அடைப்பீர்கள். 2010-இல் ஆந்திர அரசு அவசரச் சட்டம் போட்டது இப்படி அடுக்கிய கடனும் வசூல் நெருக்கடியும் முற்றிய பிறகுதான். எங்கள் குழுவிலோ தீர்மானம் எழுதி, மாடு வற்றிய மாதங்களில் வட்டியும் சந்தாவும் மட்டும் வாங்கிக்கொண்டு, பேங்க் தவணையைப் பொதுச் சேமிப்பிலிருந்து கட்டினார்கள்.

பொருளாதார ஆய்வாளர்கள் எரிக்கா ஃபீல்ட், ரோஹிணி பாண்டே முதலியோர் கொல்கத்தாவில் மைக்ரோ பைனான்ஸ் கடன் பற்றிச் செய்த ஆய்வும் இதையொட்டியதே. முதல் தவணையை இரண்டு வாரத்தில் கேட்காமல் இரண்டு மாதம் கழித்துக் கேட்டபோது பெண்கள் தொழிலில் கூடுதலாகப் பணம் போட்டார்கள், லாபமும் பின்னால் கூடியது. கட்டாமல் விட்டவர்களும் கூடினார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கம்பெனிகள் தயங்குவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

சனிக்கிழமை தவறாமல் கூலி வாங்குகிறவர்களுக்கு வாரத் தவணை ஒத்துவரலாம், எங்கள் வீட்டு வருமானம் அப்படியில்லை. அதற்காக எல்லாக் குழுவும் நல்லது என்றில்லை: குழுவை நடத்தும் ஊக்குநரும் பிரதிநிதியுமே கடனைப் பங்கு போட்டுக்கொள்ளும் குழுக்களும் உண்டு. சேருமுன் தீர்மான நோட்டைக் கேட்டு வாங்கி, யார் பேரில் எவ்வளவு உள்கடன் நிற்கிறது என்று பாருங்கள். காட்ட மறுத்தால் வேறு குழு தேடுங்கள்.