புதுசா ஓட ஆரம்பிச்சா யாரோட ஓடலாம்: சீனியர், ஆப், இல்ல நம்மள மாதிரியே ஒரு புது ஆள்?

நாலு மாசத்துல மூணையும் முயற்சி பண்ணிட்டேன், எனக்குப் பட்டத சொல்றேன்.

மொதல்ல மச்சான் கூட. அக்கா வீட்டுக்காரர், பல வருஷமா ஓடுறவர், ஹாஃப் மாரத்தான் 21 கிலோமீட்டர் ஓடிட்டு வந்து சாதாரணமா மாடி ஏறுவாரு. கோயம்புத்தூர் ரேஸ்கோர்ஸ் ஒரு ரவுண்டு ரெண்டரை கிலோமீட்டர், "மெதுவாத்தான் போலாம் வா மாப்ள"ன்னாரு. அவரோட மெதுவுங்கறது கிலோமீட்டருக்கு ஆறரை நிமிஷம், எனக்கு அதுதான் முழு வேகமே. அவரு பேசிட்டே வர்றாரு, என்னால ஒரு முழு வாக்கியம் பதில் சொல்ல முடியல. பேச முடியலன்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம், ஆனா கூட ஒருத்தர் ஓடும்போது நிறுத்த மனசு வராதுங்க, அதுதான் இதுல இருக்கற பெரிய ஆபத்து. மூச்சு சில வாரத்துலயே பழகிரும், எலும்பும் தசைநாரும் பழக மாசக்கணக்கு ஆகும். மூணாவது வாரம் கெண்டைக்காலுக்கு முன்பக்கம் எலும்பு ஓரமா விரல் வெச்சு அமுக்குனாலே வலி, பத்து நாள் ரெஸ்ட்.

அந்த வலி போனப்புறம்தான் ஆப் போட்டேன். கவுச் டு 5கே, அதாவது ஓடிப் பழகாதவங்கள 5 கிலோமீட்டர் ஓட வைக்கற திட்டம், 9 வாரம், வாரத்துக்கு 3 நாள், மொத வாரம் 60 செகண்டு ஓட்டம் 90 செகண்டு நடைன்னு மாத்தி மாத்தி, அவ்வளவுதான். அடிபடாம இருக்கணும்னா இதுதான் பெஸ்ட், சந்தேகமே இல்ல. ஆனா மழை தூறுனா எந்திரிக்க மாட்டோம், ஆப் வந்து கதவ தட்டாது. அதவிட முக்கியம், நாம எப்படி ஓடுறோம்னு அதுக்குத் தெரியாது. மச்சான் ஒரே நாள் பக்கத்துல இருந்து பாத்துட்டு, "கால ஏன் இவ்வளவு முன்னாடி கொண்டு போய் வைக்கிற, எட்டு சின்னதா வை, இடுப்புக்கு நேர் கீழ விழட்டும்"னாரு. அத மாத்துன அன்னைக்கே கால்ல விழுற அடி கொறஞ்சத உணர்ந்தேன். கட்டவிரலுக்கும் ஷூ முனைக்கும் நடுவுல அமுக்கிப் பாத்துட்டு அரை சைஸ் பெருசா வாங்கச் சொன்னதும் அவருதான்.

புது ஆளு கூட ஓடுறது ஜாலி. வேகம் ஒத்துப்போகும், ஆனா ஒருத்தர் லீவுன்னா இன்னொருத்தரும் லீவு.

இப்ப நான் பண்றது இதுதான். வாரத்துல ரெண்டு நாள் தனியா ஆப்போட, ஒரு நாள் மச்சான் கூட. அதுவும் அவரு நீளமா ஓடுன மறுநாள்தான், அன்னைக்கு அவருக்கே மெதுவா ஓட வேண்டியிருக்கும், நமக்காக விட்டுக்குடுக்கறாரேன்னு கூச்சப்படத் தேவையில்ல. நான் அரை அடி முன்னாடி ஓடுவேன், அவரு பின்னாடி, நான் நடந்தா அவரும் நடக்கணும்னு பேசி வெச்சுட்டுத்தான் ஷூ லேஸே கட்டுவோம். போன வாரம் ரேஸ்கோர்ஸ் ரெண்டு ரவுண்டு முடிஞ்சுது, ரெண்டாவது ரவுண்டு பூரா நான்தான் பேசிட்டு வந்தேன்.