திருப்பிப் போட்டால் 25/64, போடாவிட்டால் 5/14: சார்பிலா நிகழ்ச்சியும் சார்ந்த நிகழ்ச்சியும்

ஒரு பையில் 5 சிவப்புப் பந்துகள், 3 நீலப் பந்துகள். பார்க்காமல் அடுத்தடுத்து இரண்டு எடுக்கிறோம். இரண்டும் சிவப்பாக இருக்க நிகழ்தகவு என்ன? முதல் பந்தைத் திருப்பிப் போட்டோமா என்று தெரியாமல் இதற்கு விடை சொல்ல முடியாது.

போட்டிருந்தால் பை பழையபடி 8 பந்தோடு இருக்கும்: 5/8 × 5/8 = 25/64, சுமார் 0.391. முதலில் என்ன வந்தது என்பது இரண்டாவதன் நிகழ்தகவை மாற்றவில்லை; இவை சார்பிலா நிகழ்ச்சிகள். போடாவிட்டால் மீதி 7 பந்தில் சிவப்பு 4தான்: 5/8 × 4/7 = 5/14, சுமார் 0.357. இவை சார்ந்த நிகழ்ச்சிகள். பலர் வழுக்குவது இங்கேதான். தொகுதியில் 5ஐ 4 ஆக்கிவிட்டு, பகுதியில் 8ஐ அப்படியே விட்டுவிடுவார்கள். போன பந்து மொத்தத்திலும் குறைய வேண்டும்.

பை பெரிதானால் இந்த வித்தியாசம் கரைந்துவிடும். 500 சிவப்பு, 300 நீலம் என்றால் இரு முறையிலும் விடை ஏறக்குறைய 0.39தான். அதனால்தான் பெரிய தொகுப்பிலிருந்து சிறிய மாதிரி எடுக்கும்போது சார்பிலா கணக்கையே தயங்காமல் போடுகிறார்கள்.

திருப்பிப் போடாத முறையில் ஓர் அழகு உண்டு. முதல் பந்தைப் பார்க்காமல் கைக்குள் மூடிக்கொண்டால், இரண்டாவது சிவப்பாக இருக்க நிகழ்தகவு 5/8 × 4/7 + 3/8 × 5/7 = 35/56; அதாவது பழைய 5/8! முதல் பந்து சிவப்பு என்று தெரிந்தால் 4/7, நீலம் என்றால் 5/7. இந்த மாற்றத்துக்குத்தான் சார்பு என்று பெயர்.

முன், பின் என்று நேரத்தை வைத்து மட்டும் முடிவு செய்வது ஆபத்து. பகடையை ஒரே ஒரு முறை உருட்டுங்கள். 'இரட்டைப்படை' நிகழ்தகவு 1/2. '4 அல்லது அதற்குக் கீழ்' 2/3. இரண்டும் சேர்ந்து நடப்பது 2, 4 விழுந்தால்: 1/3. தனித்தனி நிகழ்தகவுகளைப் பெருக்கினாலும் 1/3; இப்படி இரண்டும் சமமானால் சார்பிலா, இல்லாவிட்டால் சார்ந்தவை. ஒரே உருட்டல்தான், ஆனாலும் சார்பிலா நிகழ்ச்சிகள்! 4க்குப் பதில் 3 என்று வைத்துப் பாருங்கள். சேர்ந்து நடப்பது 2 விழுந்தால் மட்டும், 1/6, பெருக்கினால் 1/4. சார்ந்தவை ஆகிவிட்டன. கண்ணுக்கு இரண்டு கேள்வியும் ஒன்றுபோலவே தெரியும். பெருக்கிப் பார்த்தால்தான் பிடிபடும்.

ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகளைச் சார்பிலா என்று எழுதுவதுதான் மிகப் பெரிய தவறு. இரட்டை விழுந்தால் ஒற்றை விழ வாய்ப்பே இல்லை. சேர்ந்து நடப்பது 0, பெருக்கினால் 1/4. இதைவிட இறுக்கமான சார்பு கிடையாது.