எந்த வாட்சில் தவறு செய்து பழகுவது நல்லது?

வீட்டு மேசையில் வாட்ச் பிரித்துப் பழக நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எது நல்ல மெஷின்?" என்றுதான். நானும் அதைத்தான் கேட்டேன். சில வருடங்கள் கழித்து, கெடுத்துவைத்த பாகங்களை ஒரு டப்பாவில் போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தபோது, கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு என்று புரிந்தது. எதில் தவறு செய்தால் அது கண்ணில் படும்? அதே வேலையை மறுபடி செய்து பார்க்க அந்த மெஷின் இடம் கொடுக்குமா? இந்த இரண்டு கேள்விகளை வைத்துத்தான் இங்கே நான்கு வழிகளை எடைபோடுகிறேன்: பேட்டரி வாட்ச், என்ஹெச்35 என்ற மெஷினை (வாட்ச்சுக்குள் ஓடும் இயந்திரம்) வைத்து டயல், முள் மாற்றிக் கட்டுவது, 6497 வகைப் பெரிய சாவி மெஷின், வீட்டில் ஓடாமல் கிடக்கும் பழைய வாட்ச். நான்கிலும் நான் கெடுத்திருக்கிறேன்.

பேட்டரி வாட்ச்

பேட்டரி மாற்றுவதில் இருந்துதான் பலரும் ஆரம்பிக்கிறார்கள். பயம் குறைவு, கருவியும் அதிகம் வேண்டாம். ஆனால் கற்றுக்கொள்ள இது சிரமமான இடம் என்பது என் கருத்து.

குவார்ட்ஸ் மெஷினில் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. சர்க்யூட் அதைப் பாதி பாதியாக 15 தடவை குறைத்து, நொடிக்கு ஒரு துடிப்பாக்கி, ஒரு சின்ன மோட்டாருக்கு அனுப்புகிறது. அந்த மோட்டாரின் காயில் (கம்பிச்சுருள்), தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பியால் சுற்றியது. பேட்டரியை நெம்பும்போது ஸ்க்ரூடிரைவர் நுனி ஒரு தடவை சறுக்கி அதில் பட்டால் போதும். கம்பி அறுந்தது கண்ணுக்குத் தெரியாது, மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். தெரிந்தாலும் அதை ஒட்டவைக்க வழியில்லை, மெஷினையே மாற்ற வேண்டும். எனக்கு இப்படி ஒன்று போனபோது, புது பேட்டரிதான் சரியில்லை என்று நினைத்து இன்னும் இரண்டு போட்டுப் பார்த்தேன். தவறு எங்கே நடந்தது என்பதே தெரியாமல் பல நாள் ஓடியது.

இன்னும் இரண்டு விஷயங்கள். இரும்பு ட்வீசரால் பேட்டரியின் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்தால் ஷார்ட் ஆகி அதன் ஆயுள் குறையும். பிளாஸ்டிக் ட்வீசர் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், எஸ்ஆர்626எஸ்டபிள்யூ என்ற சில்வர் ஆக்சைடு பேட்டரி 1.55 வோல்ட்டைக் கடைசிவரை ஏறக்குறைய அப்படியே தரும். அதே அளவில் வரும் ஆல்கலைன் பேட்டரி போகப் போக இறங்கும், கசியும் வாய்ப்பும் அதிகம். ஒரே அளவுதானே என்று மாற்றிப் போட வேண்டாம்.

முள் எடுக்கவும் பதிக்கவும் கைப்பழக்கம் வேண்டும் என்றால் மட்டும் கெட்டுப்போன குவார்ட்ஸ் மெஷின் ஒன்றை வைத்துப் பழகலாம். அதற்கு மேல் அது எதுவும் சொல்லித் தராது.

என்ஹெச்35: வெளித்தவறுகளின் பள்ளி

வீட்டில் வாட்ச் கட்டுபவர்கள் அதிகம் கையாளும் மெஷின் இதுதான். செய்கோ (Seiko) குழுமத்தின் தானியங்கி மெஷின், 27.4 மில்லிமீட்டர் குறுக்களவு, 24 கற்கள் (அச்சுகள் தேயாமல் சுழல உதவும் சிறு செயற்கை மாணிக்கங்கள்), மணிக்கு 21,600 துடிப்புகள், சுமார் 41 மணி நேரம் ஓடும். இதற்கென்றே கேஸ், டயல், முள் எல்லாம் தனித்தனியாகக் கிடைப்பதால், விரும்பியபடி ஒன்றைக் கட்டிக் கையில் அணியும் சந்தோஷம் சீக்கிரமே கிடைத்துவிடும். அந்தச் சந்தோஷத்தைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். பழகுவதை விட்டுவிடாமல் தொடர வைப்பது பெரும்பாலும் அதுதான்.

இதில் தவறு செய்தால் மறைக்க முடியாது. மணி முள்ளின் துளை 1.5 மில்லிமீட்டர், நிமிட முள்ளுக்கு 0.9, நொடி முள்ளுக்கு 0.2. இடிஏ 2824 மெஷினுக்கான முட்களைப் பார்த்தால் முதல் இரண்டும் அதே அளவு, நொடி முள் மட்டும் 0.25. நான் அழகைப் பார்த்து அந்த முட்களை வாங்கிவிட்டேன். மணியும் நிமிடமும் கச்சிதமாக உட்கார்ந்தன. நொடி முள் மட்டும் மேசையில் வைத்திருக்கும்வரை நின்றது, கையில் கட்டி நடந்ததும் கழன்று கண்ணாடிக்குள் உருண்டது. 0.05 மில்லிமீட்டர் என்பது எவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்தது தேதி. டயலைப் போட்டு, கைக்கு வந்த இடத்தில் முட்களைப் பதித்தேன். வாட்ச் நன்றாகத்தான் ஓடியது, ஆனால் தேதி சாயங்காலம் நாலரை மணிக்கு மாறியது. சரியான முறை எளிது: முள் எதுவும் போடாமல் கிரவுனை (பக்கவாட்டில் உள்ள குமிழ்) திருப்பிக்கொண்டே வர வேண்டும். தேதி டக்கென்று மாறும் நொடியில் நிறுத்தி, மணி முள்ளையும் நிமிட முள்ளையும் பன்னிரண்டில் பதிக்க வேண்டும். இதைப் படித்திருந்தும் செய்யாமல் விட்டேன். ஒரு தடவை எல்லா முட்களையும் எடுத்து மறுபடி பதித்த பிறகு இன்றுவரை மறந்ததில்லை.

ஸ்டெம் (கிரவுனை மெஷினோடு இணைக்கும் கம்பி) வெட்டுவதிலும் இப்படித்தான். நீளமாக விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக அரம் போட்டு, ஒவ்வொரு தடவையும் கேஸில் பொருத்திப் பார்க்க வேண்டும். குட்டையாகிவிட்டால் புது ஸ்டெம் வாங்குவதைத் தவிர வழியில்லை. டயலின் அடியில் நான்கு கால்கள் வரும், கிரவுன் மூன்று மணிப் பக்கமா, நான்கு மணிப் பக்கமா என்பதைப் பொறுத்து இரண்டை வெட்ட வேண்டும். இருக்க வேண்டிய இரண்டையே நான் வெட்டிவிட்டேன். இரண்டு பக்கமும் ஒட்டும் டயல் டாட் வைத்துச் சமாளித்தேன், இன்னும் நகராமல் இருக்கிறது. இப்போது வெட்டுவதற்கு முன் மெஷினைப் பக்கத்தில் வைத்து, வெட்ட வேண்டிய காலில் மார்க்கர் மையால் புள்ளி வைக்கிறேன்.

ஸ்டெம்மை எடுக்கும்போது மட்டும் உள்ளே கெடுக்க வாய்ப்பு உண்டு. ஒரு லீவரில் உள்ள சிறு குழியை லேசாக அழுத்த வேண்டும். பலமாக அழுத்தினால் உள்ளே லீவர்கள் இடம் மாறி, திரும்பப் போடும்போது ஸ்டெம் பிடிக்காது. சரி செய்ய டயலைக் கழற்றி, தேதித் தட்டு வரை பிரிக்க வேண்டியிருக்கும்.

என்ஹெச்35 மேல் எனக்கு உள்ள ஒரே குறை, அது நம்மை வெளியிலேயே நிறுத்திவைக்கிறது. பத்து வாட்ச் கட்டியவர்கூட மெஷினுக்குள் போயிருக்க வேண்டியதில்லை. கெட்டால் முழு மெஷினையே மாற்றிவிடலாம் என்பதால், ஏன் கெட்டது என்ற கேள்வி எழாமலே போகிறது. நான் ஏழெட்டு கட்டிய பிறகும் பேலன்ஸ் வீல் (முன்னும் பின்னும் ஆடி நேரத்தைக் கட்டுப்படுத்தும் சக்கரம்) ஏன் நிற்கிறது என்று சொல்லத் தெரியாமல்தான் இருந்தேன்.

6497 வகை: நான் அதிகம் கற்றது இங்கே

யூனிட்டாஸ் என்ற பெயரில் வந்து பிறகு இடிஏ வசம் போன மெஷின். பாக்கெட் வாட்ச்சுக்காக வடிவமைத்தது என்பதால் 36.6 மில்லிமீட்டர் அகலம். தேதி இல்லை, தானாகச் சாவி ஏற்றும் அமைப்பும் இல்லை. 17 கற்கள், மணிக்கு 18,000 துடிப்புகள், அதாவது நொடிக்கு ஐந்து. சக்கரங்கள் பெரியவை. சீகல் போன்ற நிறுவனங்கள் இதே அமைப்பில் செய்யும் மெஷின்களும் கிடைக்கின்றன, பழக அவையே போதும்.

இதை ஏன் உயர்த்திச் சொல்கிறேன் என்றால், இங்கே காரணமும் விளைவும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். முதல் தடவை பிரித்தபோது மெயின் ஸ்பிரிங்கின் (வாட்சை ஓட்டும் சுருள்) விசையை இறக்காமலே பேலட் ஃபோர்க்கின் (சக்கரங்களை ஒவ்வொரு துடிப்பாக விடும் கவை) பிரிட்ஜை, அதாவது அதை மேலே பிடித்திருக்கும் தட்டை, கழற்றினேன். விர்ரென்று ஒரு சத்தம், சக்கரங்கள் எல்லாம் ஒரே மூச்சில் சுழன்று நின்றன. லென்ஸில் பார்த்தால் ஃபோர்க்கின் பிவட் (அச்சின் மெல்லிய நுனி) ஒன்று இல்லை. என்ன செய்தேன், என்ன ஆனது என்பதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இப்போது கிரவுனை இரண்டு விரலால் பிடித்து, கிளிக்கை (ஸ்பிரிங் அவிழாமல் தடுக்கும் கொக்கி) விலக்கி, கிரவுன் விரலுக்குள் மெதுவாக நழுவ விடாமல் வேறு எந்த ஸ்க்ரூவையும் தொடுவதில்லை.

அடுத்து சக்கரங்களின் மேல் வைக்கும் பிரிட்ஜ். எல்லா பிவட்டும் தத்தம் கல்லுக்குள் இறங்கிவிட்டதா என்று பார்க்காமல் ஸ்க்ரூவை முறுக்கினால், இறங்காத பிவட் முறியும். பிரிட்ஜை மரக்குச்சியால் லேசாக அழுத்திப் பிடித்து, முதல் சக்கரத்தைத் துளி நகர்த்தினால் கடைசிச் சக்கரமும் சேர்ந்து சுற்ற வேண்டும். சுற்றினால் பாதி முறுக்கு, மறுபடி சோதனை, அப்புறம் முழு முறுக்கு. என்ஹெச்35-இலும் விதி இதுதான், ஆனால் அங்கே சக்கரங்கள் சிறியவை, எது இறங்கவில்லை என்று தேடியே கண் களைத்துவிடும்.

கிரவுன் வீலின் (சாவி ஏற்றும்போது சுழலும் ஒரு சக்கரம்) ஸ்க்ரூ பல மெஷின்களில் இடதுபுரி. வழக்கம்போல் இடப்பக்கம் திருப்பினால் இன்னும் இறுகும், வலுக்கட்டாயம் செய்தால் தலை உடையும். இப்படி ஒன்றை உடைத்தேன். பித்தளைத் தட்டில் சிக்கிய இரும்பு ஸ்க்ரூவைப் படிகாரக் கரைசலில் போட்டால் இரும்பு மட்டும் மெல்லக் கரையும் என்பதைத் தெரிந்துகொண்டது அப்போதுதான். தட்டில் வேறு இரும்புப் பாகம் எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

கழுவும்போது பேலட் ஃபோர்க்கை ஆல்கஹாலில் ஊறப்போட்டதும் ஒரு பாடம். அதன் இரண்டு கற்களையும் பிடித்திருப்பது அரக்கு, ஆல்கஹாலில் அது இளகிவிடும். ஒரு கல் வெளியே நகர்ந்திருந்தது லென்ஸில் தெளிவாகத் தெரிந்தது.

டைம்கிராஃபர் (வாட்சின் துடிப்பைக் கேட்டு ஓட்டத்தை அளக்கும் கருவி) விஷயத்தையும் சொல்ல வேண்டும். பேலன்ஸ் வீல் எத்தனை டிகிரி வீசுகிறது என்பதைக் கருவி நேரடியாக அளப்பதில்லை, லிஃப்ட் ஆங்கிள் (ஒவ்வொரு வீச்சிலும் ஃபோர்க்கோடு தொடர்பில் இருக்கும் கோணம்) என்று நாம் தரும் எண்ணை வைத்துக் கணக்கிடுகிறது. கருவியில் இயல்பாக இருப்பது 52. என்ஹெச்35-க்கு 53 என்பதால் நான் மாற்றாமலே விட்டிருந்தேன், பெரிய வித்தியாசம் வரவில்லை. 6497-க்கு அது 44. திரையில் 280 டிகிரி பார்த்து மகிழ்ந்த மெஷின் உண்மையில் 237 அளவில்தான் வீசிக்கொண்டிருந்தது. மெஷினின் தொழில்நுட்பக் குறிப்பைப் படித்த பிறகுதான் தெரிந்தது. திரும்பப் பிரித்தால் பேலட் ஃபோர்க்கின் பிவட்டுகளில் எண்ணெய். அங்கே எண்ணெய் போடக் கூடாது. துடைத்துவிட்டு மாட்டினேன், வீச்சு ஏறியது.

இவ்வளவு சொன்னாலும், என் மோசமான இழப்பு இந்தத் தவறுகளில் எதுவும் இல்லை. பேலன்ஸைத் தூக்கும்போது ஹேர்ஸ்பிரிங் (அதோடு இணைந்த மெல்லிய சுருள்) ஒரு சக்கரத்தில் மாட்டி, ஒரு சுற்று லேசாக விலகியது. அதோடு நிறுத்தியிருந்தால் பிழைத்திருக்கும். பதற்றத்தில் உடனே ட்வீசரை எடுத்து நேராக்கப் போய், அரை மணி நேரத்தில் முழுவதும் கசங்கிவிட்டது. என் குறிப்பேட்டில் பார்த்தால், மீட்க முடியாத சேதங்களில் பெரும்பாலானவை முதல் தவறைத் தொடர்ந்த சில நிமிடங்களில் நடந்தவை. அன்றிலிருந்து ஏதாவது பிசகினால் டப்பாவை மூடி, மறுநாள்தான் திறக்கிறேன்.

பழைய வாட்ச்

முதல் வாட்ச்சாக இது வேண்டவே வேண்டாம். தாத்தா கட்டியிருந்தது என்றால் நிச்சயமாக வேண்டாம். காய்ந்த எண்ணெய், துரு, தேய்ந்த துளை, முன்பு யாரோ மாற்றிப் போட்ட ஸ்க்ரூ என்று ஏற்கெனவே பல கோளாறுகள் இருக்கும். அதன் மேல் நம் தவறும் சேர்ந்தால் எது யாருடையது என்று பிரித்தறிய முடியாது.

உடல்நலம் சார்ந்த காரணமும் உண்டு. 1960-கள் வரை செய்த சில வாட்ச்சுகளின் டயலிலும் முள்ளிலும் இருட்டில் ஒளிர்வதற்காக ரேடியம் பூசியிருப்பார்கள். ஒளி போயிருக்கும், கதிர்வீச்சு போயிருக்காது. ரேடியம்-226 பாதியாகக் குறையவே சுமார் 1,600 ஆண்டுகள் ஆகும். அந்தப் பூச்சைச் சுரண்டுவது, ஊதுவது, உதிர்ந்த தூளைக் கையால் துடைப்பது எதுவும் செய்யாதீர்கள். சந்தேகம் இருந்தால் திறக்காமல் வைப்பதே சரி.

ஆக என் வரிசை இதுதான். அழகான வாட்ச் கட்டிக்கொள்வதுதான் ஆசை என்றால் என்ஹெச்35 போதும், அதில் மனநிறைவு உண்டு. பழுது பார்க்கக் கற்க வேண்டும் என்றால் 6497 வகையில் ஒரே மாதிரி இரண்டு வாங்குங்கள். ஒன்றைப் பிரிக்கும்போது மற்றதைப் பிரிக்காமல் பக்கத்தில் வைக்கலாம். எடுத்துவைத்த போட்டோவில் ஒரு ஸ்பிரிங் எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்று தெரியாதபோது, அந்த இரண்டாவது மெஷினைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம். குறிப்பேட்டில் மூன்று வரி எழுதுங்கள்: என்ன எதிர்பார்த்தேன், என்ன நடந்தது, அதற்கு முன் கடைசியாக எதைத் தொட்டேன். மூன்றாவது வரிதான் எனக்கு அதிகம் உதவியிருக்கிறது.

பழைய வாட்ச் அதற்குப் பிறகு வரட்டும். எங்கள் வீட்டில் இருந்ததை நான்கு வருடம் காத்திருந்துதான் திறந்தேன். பின்மூடியின் உட்புறத்தில், முன்பு பழுது பார்த்தவர்கள் ஊசியால் கீறிய அடையாளங்கள் மூன்று இருந்தன. ஒரு ஸ்க்ரூவின் தலையில் சறுக்கிய தடம், ஒரு பிரிட்ஜின் ஓரத்தில் நெம்பிய வடு. அந்த வடு எப்படி வந்திருக்கும் என்று பார்த்தவுடன் தெரிந்தது, என் டப்பாவில் கிடக்கும் ஒரு பிரிட்ஜிலும் அதே இடத்தில் அதே வடு இருக்கிறது.